சிகரெட்டுக்குச் சுவர் எழுதிய 17 ஆண்டுகள்

1987ஆம் ஆண்டு மாசி மாதத்தில், தேவிபட்டினம் சாலையோரத் தேநீர்க் கடையொன்றின் பக்கச் சுவரில் என்னுடைய முதல் சிகரெட் விளம்பரத்தை எழுதி முடித்தேன். அப்போது எனக்கு வயது 19. ராமநாதபுரத்தில் ஒரு பெயர்ப்பலகைக் கடையில் இரண்டு ஆண்டுகள் பிரஷ் கழுவிக் கொடுத்தும், பெரியவர் எழுதிய எழுத்துகளுக்குக் கரை கட்டியும் தொழில் பழகியிருந்த என்னிடம் தனியாக ஒப்படைக்கப்பட்ட முதல் சுவர் அதுதான். கூலி சதுர அடிக் கணக்கு. பெயின்ட் டப்பாக்களைச் சிகரெட் கம்பெனியின் ஏஜென்ட்டே கொண்டுவந்து இறக்கிவிடுவார். கடைக்காரர் சுவருக்கென்று வாடகை எதுவும் பெரிதாகக் கேட்க மாட்டார். முகப்பையும் சேர்த்து வெள்ளையடித்து, கடையின் பெயரையும் எழுதிக் கொடுத்தால் அவருக்கு அதுவே நிறைவு.

சுவரை இரும்புப் பிரஷால் தேய்த்து, இரண்டு முறை வெள்ளையடித்து, காய்ந்த பிறகு நீலத்தில் தோய்த்த நூலை இரு முனையிலும் இழுத்துப் பிடித்துச் சுண்டினால் எழுத்துக்கான கோடு விழும். எழுத்து எளிது. சிரமமெல்லாம் பெட்டிதான். நான்கடி உயரப் பெட்டியின் வாய் பாதி திறந்திருக்க வேண்டும். அதிலிருந்து ஒரே ஒரு சிகரெட், பார்ப்பவன் கை நீட்டினால் எடுத்துக்கொள்ளலாம் என்பதுபோல, மற்றவற்றைவிட இரண்டு அங்குலம் மேலே எழும்பி நிற்க வேண்டும். அந்த ஒன்றுக்கு உருண்டை வரும்படி நிழல் அடிப்பதில்தான் ஓவியனின் கை தெரியும் என்று பெரியவர் சொல்வார். எல்லாம் முடிந்து பிரஷைக் கழுவப் போகும் நேரத்தில், அடிவரியில் ஓர் அங்குல உயரத்தில், சிகரெட் புகைப்பது உடல்நலத்துக்குத் தீங்கானது என்ற வாசகத்தை ஆங்கிலத்தில் எழுதுவேன். 1975ஆம் ஆண்டின் சிகரெட் சட்டம் அந்த எச்சரிக்கையைக் கட்டாயமாக்கியிருந்தது. அந்தத் தேநீர்க் கடைக்கு வரும் வலைக்காரர்களில் ஆங்கிலம் வாசிப்பவர் ஒருவர்கூட இல்லை. எனக்குமே அது எழுத்தாகத் தெரியவில்லை, கரை கட்டுவதுபோல ஒரு வேலையாகத்தான் தெரிந்தது.

எங்கள் கரையின் உப்புக் காற்றில் சுவரெழுத்து ஓராண்டுக்கு மேல் தாங்காது. வாடை அடங்கித் தை பிறந்ததும் பழைய சுவர்களையே மறுபடியும் எழுத வேண்டும் என்பதால், எனக்கு ஆண்டுதோறும் வேலை இருந்தது. 1988 அக்டோபர் 2 அன்று பாம்பன் சாலைப் பாலம் திறக்கப்பட்ட பிறகு வேலை இரட்டிப்பானது. அதுவரை ரயிலில் மட்டுமே போய்வந்த தீவுக்குள் பேருந்தும் சரக்கு வண்டியும் நுழைந்தன. அவற்றின் பின்னாலேயே ஏஜென்ட்டின் மொபெட்டும் நுழைந்தது. மண்டபத்திலிருந்து தங்கச்சிமடம், ராமேஸ்வரம் வரையிலும், இந்தப் பக்கம் ஏர்வாடி, வாலிநோக்கம், சாயல்குடி வரையிலும் நான் எழுதாத பேருந்து நிறுத்தம் குறைவு.

சுவரைத் தேர்ந்தெடுக்கும் வித்தையை ஏஜென்ட்தான் கற்றுக்கொடுத்தார். பேருந்தில் போகிறவனுக்காக எழுதாதே, பேருந்துக்காகக் காத்திருப்பவனுக்காக எழுது என்பார் அவர். போகிறவன் பார்ப்பான், ஆனால் வாங்க மாட்டான். நிற்பவனுக்குக் கையில் நேரமும், சட்டைப்பையில் சில்லறையும், பக்கத்திலேயே கடையும் இருக்கும். இன்னொன்றும் சொன்னார்: பெட்டியின் அடிப்பாகம் தரையிலிருந்து மூன்றடிக்கு மேல் போகக் கூடாது. ஏன் என்று நான் கேட்கவில்லை. மாலையில் பள்ளி விட்டு வந்த பையன்கள் சுவரோடு ஒட்டி நின்று, நான் வரைந்த சிகரெட்டோடு தங்கள் உயரத்தை ஒப்பிட்டு விளையாடுவதைப் பார்த்தபோது எனக்குப் பெருமையாகவே இருந்தது. பள்ளியிலிருந்து 100 கஜத்துக்குள் விற்கக் கூடாது என்ற சட்டம் 2003இல்தான் வந்தது. அன்றைக்குப் பள்ளி எதிரே கிடைக்கும் சுவருக்குப் போட்டியே இருந்தது.

இந்தத் தொழிலுக்கு வரும் முன் நான் புகைத்ததில்லை. கூலியோடு ஒரு பெட்டி இனாமாக வரும்; வெள்ளை காயும் வரை முக்கால் மணி நேரம் சும்மா உட்கார வேண்டும்; அந்த முக்கால் மணி நேரத்தை நிரப்ப அந்தப் பெட்டி போதுமானதாக இருந்தது. இரண்டே ஆண்டுகளில் ஒரு நாளைக்குப் பதினைந்து ஆனது.

விளம்பரம் ஒருவனைப் புகைக்க வைக்கிறதா என்று கேட்டால், அதைவிட நுட்பமான வேலையொன்றைச் செய்கிறது என்றே சொல்வேன். எங்கள் கடற்கரையில் ஆண்கள் ஏற்கெனவே பீடி குடித்துக்கொண்டிருந்தார்கள். சுவர் செய்தது என்னவென்றால், பீடிக்கு மேலே ஒரு படிக்கட்டைக் கட்டியது. மீன்பாடு நன்றாக இருந்த நாளில் சிகரெட், இல்லாத நாளில் பீடி. மாப்பிள்ளை வீட்டார் வந்தால் சிகரெட், கூட்டாளி வந்தால் பீடி. பேண்ட் போட்ட நாளில் சிகரெட், கைலி கட்டிய நாளில் பீடி. உண்மையில் பீடி எந்த வகையிலும் குறைந்த நஞ்சு இல்லை. அது அடிக்கடி அணைந்துவிடும் என்பதால், அணையாமலிருக்க இன்னும் வேகமாகவும் ஆழமாகவும் இழுக்க வேண்டியிருக்கிறது. ஆயினும் படிக்கட்டு என்று ஒன்று இருந்தால் மனிதன் ஏறத்தான் பார்ப்பான். பையன்கள் முதல் படியில் நிற்காமல் நேராக இரண்டாவது படியிலேயே காலை வைத்தார்கள். 1996 உலகக்கோப்பைக் கிரிக்கெட்டை எங்கள் ஊர்க் கடையில் ஒரே தொலைக்காட்சிப் பெட்டியின் முன்னால் நூறு பேர் பார்த்தோம். அந்தப் போட்டியின் பெயரே வில்ஸ் உலகக்கோப்பை. நான் ஓராண்டு முழுக்க எழுதிய சுவர்கள் அத்தனையும் செய்யாததை அந்த ஒரு மாதம் செய்துவிட்டது.

என் சித்தப்பா நாட்டுப்படகில் நண்டு வலைக்குப் போனவர். ஒரு நாளைக்கு இரண்டு கட்டு பீடி, மீன்பாடு உள்ள நாளில் நான்கைந்து சிகரெட். 1994இல், அவருக்கு 38 வயதானபோது, படகிலிருந்து வீட்டுக்கு நடந்து வரும் வழியில் கெண்டைக்கால் இழுத்துப் பிடிக்கிறது என்று இரண்டு இடங்களில் உட்கார்ந்து வரத் தொடங்கினார். குளிர்ந்த தண்ணீரில் நிற்பதால் வரும் வாதம் என்று எல்லோரும் தைலம் தேய்த்தோம். பிறகு காலில் சிப்பி கிழித்த சிறு காயம் இரண்டு மாதமாகியும் ஆறவில்லை. கட்டைவிரல் முதலில் நீலம் பாரித்து, பின்னர் கறுத்தது. மதுரைக்கு அழைத்துப் போனோம். மருத்துவர் காலைத் தொட்டுப் பார்த்துவிட்டு, சர்க்கரை இருக்கிறதா என்று கேட்டார். இல்லை என்றதும், அடுத்த கேள்வியாக எத்தனை கட்டு என்றுதான் கேட்டார்.

பர்ஜர் நோய் என்று அதற்குப் பெயர். கை கால்களின் சிறு இரத்தக் குழாய்கள் அழற்சியுற்று அடைத்துக்கொள்ளும். பெரும்பாலும் 45 வயதுக்கு உட்பட்ட, புகைக்கும் ஆண்களுக்கு வரும். புகையிலையை அடியோடு நிறுத்துவதைத் தவிர அதைத் தடுத்து நிறுத்தும் வழி வேறில்லை. ஒரு நாளைக்கு ஒன்றிரண்டாகக் குறைத்துக்கொண்டாலும் நோய் முன்னேறிக்கொண்டே போகும். விரலை எடுத்தார்கள். சித்தப்பா ஊர் திரும்பி நான்கு மாதம் நிறுத்தியிருந்து, பிறகு, "ஒண்ணே ஒண்ணுதான்டா" என்று ஆரம்பித்தார். அடுத்த ஆண்டு முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். அதன் பிறகு கடலுக்குப் போகாமல், தேநீர்க் கடைப் பெஞ்சில் மிச்சக் காலை நீட்டிக்கொண்டு வலை பின்னுவார். அந்தக் கடையின் சுவரும் என்னுடையதுதான். அதை ஒருநாளும் அவர் சொல்லிக் காட்டவில்லை. நான் தை மாதம் புதுப்பிக்க வரும்போது, சிவப்பு கொஞ்சம் தூக்கலாக இருக்கட்டும் என்று யோசனைகூடச் சொல்வார்.

புகைபிடிப்பதற்கும் நுரையீரல் புற்றுக்கும் உள்ள தொடர்பை இங்கிலாந்தில் டால், ஹில் என்ற இரு ஆய்வாளர்கள் 1950இலேயே ஆய்வாக வெளியிட்டுவிட்டார்கள் என்பதை நான் பல ஆண்டுகள் கழித்தே அறிந்தேன். 1954இல் அமெரிக்கச் சிகரெட் நிறுவனங்கள் 400க்கும் மேற்பட்ட செய்தித்தாள்களில் முழுப்பக்க அறிக்கை வெளியிட்டு, எதுவும் உறுதியாக நிரூபணமாகவில்லை என்று மக்களைச் சமாதானப்படுத்தின. 1964இல் அமெரிக்க அரசின் தலைமை மருத்துவ அதிகாரியே அறிக்கை வெளியிட்டு விவாதத்தை முடித்துவைத்தார். நான் முதல் சுவரை எழுதியபோது, டால், ஹில் ஆய்வுக்கு 37 வயது. அதாவது என்னைவிட 18 வயது மூத்தது. தமிழ்நாட்டிலேயே, சென்னையிலும் விழுப்புரம் பக்கத்துக் கிராமங்களிலும் இறந்துபோன 43,000 ஆண்களையும் உயிரோடிருந்த 35,000 ஆண்களையும் ஒப்பிட்டுச் செய்த ஆய்வு 2003இல் வெளியானது. புகைப்பவர்கள் காசநோயால் இறக்கும் வாய்ப்பு, புகைக்காதவர்களைப் போல நான்கு மடங்குக்கும் மேல் என்று அது கண்டது. புற்றுநோய்தான் வரும், அதுவும் கிழவனான பிறகுதான் வரும் என்று நினைத்துக்கொண்டிருந்த எங்களில் ஒருவருக்கும், ஊரில் இருமி இருமி இளைத்துப்போனவர்களுக்கும் பீடிக்கும் உள்ள கணக்குத் தெரியாது.

சிகரெட் விளம்பரத்தைத் தடை செய்த 2003ஆம் ஆண்டுச் சட்டம் 2004 மே 1 முதல் நடைமுறைக்கு வந்தபோது, என் வருமானத்தில் மூன்றில் ஒரு பங்கு ஒரே வாரத்தில் போனது. மீதியை அதே காலத்தில் வந்த பிளெக்ஸ் எடுத்துக்கொண்டது. அது வேறு கதை. சுவர் விளம்பரம் நின்றது உண்மை, ஆனால் விற்கும் கடையில் 60க்கு 45 சென்டிமீட்டர் அளவில் பலகை வைக்க விதி இடம் கொடுத்திருந்தது. அதைவிடப் பெரிய விளம்பரம், மிட்டாய் பாட்டில்களுக்கு நடுவே, கண்ணாடி அடுக்கில் விளக்குப் போட்டு வைத்திருக்கும் பெட்டிகளே. நான் ஏஜென்ட்டிடம் படித்த பாடத்தை மறக்காதவன் என்பதால், அந்த அடுக்கு எந்த உயரத்தில் தொடங்குகிறது என்பதை இன்றும் எந்தக் கடையிலும் முதலில் கவனிக்கிறேன்.

2008 அக்டோபர் 2, பாம்பன் பாலம் திறந்து சரியாக 20 ஆண்டுகள் ஆன நாள், பொது இடங்களில் புகைக்கத் தடை விதிகள் நடைமுறைக்கு வந்தன. ஒவ்வொரு அலுவலக வாசலிலும் வெள்ளைத் தளத்தில் 60க்கு 30 சென்டிமீட்டர் அளவில் எச்சரிக்கைப் பலகை இருக்க வேண்டும் என்று விதி சொன்னது. எனக்கு நாற்பதுக்கும் மேற்பட்ட பலகைகள் ஆர்டர் வந்தன. 'இங்கு புகைபிடிப்பது குற்றம்' என்று வாயில் சிகரெட்டோடு உட்கார்ந்து எழுதினேன். ஓர் அலுவலகத்தில் பலகையை மாட்ட ஏணியில் ஏறியபோது, கீழே பிடித்துக்கொண்டிருந்த வயதான கடைநிலை ஊழியர், "அண்ணே, முதல் அபராதம் உங்ககிட்டதான் வாங்கணும் போலயே" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்து, அந்தச் சிரிப்பு இருமலாகி, ஏணியின் நான்காவது படியிலேயே மூச்சு வாங்கி நின்றுவிட்டேன். அப்போது எனக்கு 40 வயது.

அதற்கு முன்பே இரண்டு முறை விட்டவன் நான். இரண்டு முறையும் சபரிமலைக்கு மாலை போட்ட 48 நாட்கள். கீழக்கரையைச் சேர்ந்த என் உதவியாளர் நோன்பு மாதத்தில் விடியலிலிருந்து அந்தி வரை தொடமாட்டார். தங்கச்சிமடத்து நண்பர்கள் தவக்காலத்தில் நிறுத்துவார்கள். உடம்பால் முடியாது என்பது பொய் என்பதற்கு எங்கள் கரையில் மூன்று மதத்திலும் சாட்சி உண்டு. ஆனால் மாலையைக் கழற்றிய அன்றே, பம்பையிலிருந்து திரும்பும் வண்டியிலேயே நான் பற்றவைத்தேன். ஏனென்றால் அந்த 48 நாட்களும் நான் விட்டுவிட்டவனாக இருக்கவில்லை. 49ஆவது நாளுக்காகக் காத்திருப்பவனாகவே இருந்தேன். முடிவு நாள் வைத்து விடுவது விரதம் மட்டுமே. தொடக்க நாள் மட்டும் வைக்க வேண்டும்.

மூன்றாவது முறை, 2009 ஆகஸ்ட்டில், வேறு மாதிரி செய்தேன். முதல் ஒரு வாரம் எதையும் குறைக்கவில்லை. ஒவ்வொரு முறை பற்றவைக்கும்போதும் நேரத்தையும் இடத்தையும் பெட்டியின் பின்புறம் பென்சிலால் குறித்தேன். பதினைந்தில் ஆறு, பெயின்ட் காயக் காத்திருக்கும் நேரத்தில். நான்கு, தேநீரோடு. மீதி, ஏஜென்ட் சொன்னதைப் போலவே, பேருந்து நிறுத்தத்தில். நான் எந்த இடங்களைத் தேர்ந்து எழுதினேனோ, அந்த இடங்களில்தான் நானே சிக்கியிருந்தேன். ஆகவே இடங்களை மாற்றினேன்: காத்திருக்கும் நேரத்துக்குப் பிரஷ் கழுவும் வேலையை ஒதுக்கினேன், தேநீரை வீட்டுக்கு வரவழைத்தேன், கடையில் இருந்த பற்றுக் கணக்கைத் தீர்த்து, இனிமேல் எனக்குக் கடனுக்குச் சிகரெட் தரக் கூடாது என்று கடைக்காரரிடம் நான்கு பேர் முன்னிலையில் சொன்னேன். சில்லறையாக ஒன்று வாங்க முடிகிற ஊரில், பெட்டியைத் தூக்கியெறிந்தேன் என்பதற்கு அர்த்தமே இல்லை. கணக்கை மூடுவதுதான் கதவை மூடுவது.

நிக்கோடின் சூயிங்கத்தை மருத்துவர் எழுதித் தந்தார். அதை மிட்டாய் போல மென்று முதல் நாளே விக்கலும் வயிற்றெரிச்சலும் வந்து அவதிப்பட்டேன். மெதுவாகச் சிலமுறை மென்று, வாயில் சுருக்கென்று காரம் ஏறியதும் நிறுத்தி, கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவே ஒதுக்கி வைக்க வேண்டும். காரம் அடங்கியதும் மறுபடியும் மெல்ல வேண்டும். இப்படி அரை மணி நேரம். அதைப் போடுவதற்குக் கால் மணி நேரம் முன்பிருந்து காபியோ கலரோ குடிக்கக் கூடாது, குடித்தால் மருந்து சரியாக ஏறாது. இதை எனக்கு யாரும் சொல்லாததால் நான்கு நாட்களும் கொஞ்சம் பணமும் வீணாயின.

முதல் மூன்று நாட்கள்தான் கடுமை. தூக்கமில்லை, மலச்சிக்கல், வீட்டில் எல்லோர் மேலும் எரிச்சல். ஒவ்வொரு ஆசையும் சில நிமிடங்களே நிற்கும் என்பதைக் கடிகாரம் வைத்துப் பார்த்தேன். ஐந்து நிமிடத்தைத் தாண்டியது குறைவு. இருமல் முதல் சில வாரங்களில் கூடியது, அதைக் கண்டு பயந்து மறுபடியும் தொடங்கியவர்களை எனக்குத் தெரியும். அது சளி வெளியேறும் இருமல்தான், ஆனால் மாதக்கணக்கில் நிற்காவிட்டாலோ சளியில் இரத்தம் தெரிந்தாலோ மருத்துவரிடம் போகவேண்டும். அந்த ஆண்டு மே 31 முதல் பெட்டியில் நுரையீரல் படம் அச்சிட்டார்கள். தொழில்காரனாகச் சொல்கிறேன், அந்தப் படம் மோசமான படம். எக்ஸ்ரே என்று தெரிந்தவனுக்கே அது புரியும். 2016 ஏப்ரலில் பெட்டியின் 85 விழுக்காட்டுப் பரப்பை எச்சரிக்கைக்கு ஒதுக்கிய பிறகுதான், நான் சுவரில் பாதி திறந்து வைத்த பெட்டிக்குச் சரியான மறுமொழி வந்தது.

நான் விட்ட அந்த 2009 டிசம்பரிலேயே சித்தப்பா மாரடைப்பில் இறந்தார். துட்டி வீட்டில், வழக்கம்போல, தட்டில் வெற்றிலை பாக்கோடு பீடிக்கட்டும் சிகரெட் பெட்டியும் சுற்றி வந்தன. அன்று இரண்டு குடித்தேன். மறுநாள் காலையில், எல்லாம் போயிற்று என்று மூன்றாவதை வாங்கக் கடைக்குக் கிளம்பியவனை என் மனைவி வாசலில் நிறுத்தி, "ரெண்டுதான போச்சு, நாலு மாசம் எங்கயும் போகலயே" என்றாள். இந்தக் கணக்குதான் பெரும்பாலானவர்களுக்குத் தப்பிப்போகிறது. அதற்குப் பிறகு எங்கள் வீட்டு விசேஷங்களில், துக்கத்திலும் கல்யாணத்திலும், தட்டில் வெற்றிலை மட்டும்தான். முதலில் கோபித்துக்கொண்ட பங்காளிகள் இப்போது பழகிவிட்டார்கள்.

புகைக்கும் பழக்கத்தை ஏறத்தாழ 40 வயதில் விட்டவருக்குச் சுமார் ஒன்பது ஆண்டு ஆயுள் திரும்பக் கிடைக்கிறது என்று டால் 50 ஆண்டுகள் தொடர்ந்து பார்த்த பிரிட்டிஷ் மருத்துவர்களின் கணக்குச் சொல்கிறது. 50இல் விட்டால் ஆறு, 60இல் விட்டால் மூன்று. வயதாகிவிட்டது, இனி என்ன என்று கேட்பவர்களிடம் இந்த மூன்று எண்களைச் சொல்வேன், வேறொன்றும் சொல்வதில்லை.

என் அக்கா மகன் ராமேஸ்வரத்தில் விசைப்படகில் போகிறான். மீன்பிடித் தடைக்காலத்தில் விட்டுவிடுகிறேன் மாமா என்று இரண்டு ஆண்டுகளாகச் சொல்லிவந்தான். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் கரையில் சும்மா இருக்கும் காலம், விடுவதற்கு வசதி என்று பலரும் நினைக்கிறார்கள். என் அனுபவத்தில் அது ஆகாத காலம். வலைக் கொட்டகையில் சீட்டாட்டமும் வெறும் பொழுதுமாக, சுவர் காயக் காத்திருந்த என் முக்கால் மணி நேரம்தான் அங்கே இரண்டு மாதமாக நீள்கிறது. அதைவிட, தடை முடிந்து முதல் அனுமதி டோக்கன் வாங்கிக் கடலுக்குப் போகும் நாளே நல்லது: கையில் வேலை இருக்கும், நடுக்கடலில் கடை இருக்காது, படகில் மற்றவர் நீட்டினால் மறுக்க வேண்டியது நான்கைந்து பேரிடம் மட்டும்தான். டிரைவரிடம் முன்கூட்டியே சொல்லி, படகின் பலசரக்கில் அவன் பங்குக்குப் பீடிக்கட்டு ஏற்ற வேண்டாம் என்று ஏற்பாடு செய்தோம்.

சிகரெட் பெட்டியின் மேலேயே புகையை விட நினைப்பவர்களுக்கான 1800-11-2356 என்ற இலவச எண் அச்சிடப்பட்டிருக்கிறது. அவன் தயங்கியதால் நானே அழைத்துக் கைப்பேசியை அவன் காதில் வைத்தேன். தமிழில்தான் பேசினார்கள்; எத்தனை குடிக்கிறாய், விழித்ததும் எவ்வளவு நேரத்தில் முதல் சிகரெட் என்று கேட்டார்கள், எந்த நாளில் விடப்போகிறாய் என்று கேட்டு அந்த நாளைக் குறித்துக்கொண்டார்கள். சனிக்கிழமை மதியம் அவன் கடலுக்குப் போகும்போது, பாதி தீர்ந்த பெட்டியை என் பெயின்ட் அலமாரியின் மேல்தட்டில் வைத்துவிட்டு, "எறிஞ்சிராதீங்க மாமா, பாப்போம்" என்று சொல்லிவிட்டுப் போனான். எறியவில்லை. அதில் ஏழு இருக்கின்றன. அவன் ஞாயிற்றுக்கிழமையும் புதன்கிழமையும் வந்தான், எண்ணிப் பார்த்தான், எடுக்கவில்லை.